திருத்திப் படிக்கவும்

படிவத்தில் 'கவனக்குறைவு' என்ற சொல்லின் நடுவே ஒரு 'க்' விட்டுப் போயிருந்தது. பட்டதாரியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். அது தன் அண்ணனைப் பற்றி எழுதிய சொல் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. உறைத்ததும் உடம்பு பற்றிக்கொண்டு எரிந்தது.

'ஊழியரின் கவனகுறைவே விபத்துக்குக் காரணம் என்பதை ஏற்கிறேன்.' கீழே அண்ணி கையெழுத்துப் போடக் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி வேறு, எங்கே போடுவது என்று தெரியாமல் தவித்துவிடுவார்களாம்.

படிவத்தைக் கொண்டுவந்தவர் அச்சகத்தின் பைண்டர். அண்ணனோடு பதினோரு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவர். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"திங்கக்கிழமை லேபர் ஆபீசுல விசாரணை ஆபீசர் முன்னாடி போட்டாப் போதும்மா. முன்கூட்டிப் படிச்சு வச்சுக்கச் சொன்னாரு முதலாளி."

"படிச்சாச்சு," என்றாள் பட்டதாரி. "அச்சகம் நடத்துறவருக்குத் தமிழ் எழுத வராதா? ஒரு க் காணோம். அதையும் லிஃப்ட் குழியில தள்ளிட்டாரா?"

பைண்டர் தரையைப் பார்த்தார். "நீ ஏம்மா என்கிட்ட கோவிச்சுக்கறே. நான் பேப்பர் கொண்டுவந்தவன்."

"அண்ணன் எத்தனை தடவை அந்த லிஃப்ட் சரியில்லைனு சொல்லியிருப்பான்? நீங்க கேட்டதில்லையா?"

"என் காது மந்தம்மா. மெஷின் சத்தம்." சொல்லிவிட்டு, தாகத்துக்குத் தண்ணீர்கூடக் கேட்காமல் இறங்கிப் போனார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது. அச்சகத்தின் மூன்றாவது மாடியில் சரக்கு லிஃப்டின் கதவு திறந்திருந்தது. லிஃப்ட் அங்கே இல்லை. காகிதக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்துவந்த அண்ணன் உள்ளே காலை வைத்துவிட்டான். அவ்வளவுதான். இனி மிச்சமிருப்பது ஒரு சொல். அந்தச் சொல் அவன் பெயருக்குக் கீழே நிற்கக் கூடாது. பட்டதாரிக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பட்டதாரி என்பது அண்ணன் வைத்த பெயர். இரண்டு பக்கத்து வம்சத்திலும் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள். அவன் எட்டாம் வகுப்போடு பையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு அச்சகத்துக்குப் போனவன். கம்ப்யூட்டரைத் தானாகவே தட்டிக் கற்றுக்கொண்டான். ஆனால் ர, ற, ன, ண எல்லாம் அவனுக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள்; யாரை எந்த இடத்தில் உட்கார வைப்பது என்று கவலையே படமாட்டான். அவன் ஒரு பக்கம் டைப் செய்தால் புரூஃப் பார்ப்பவர் இரண்டு சிவப்புப் பேனா கேட்பாராம். அதனால் அவனை மெஷின் பக்கமே வைத்துக்கொண்டார்கள்.

"அண்ணி, அவன் தினமும் எழுதி வைப்பானே, அது எங்கே?"

அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடவில்லை. "எது?"

"பென் டிரைவ்."

"அதெதுக்கு இப்ப?"

"அதுல இருக்கும் அண்ணி. லிஃப்ட் பத்தி எழுதாம இருந்திருக்க மாட்டான். தேதியோட இருக்கும்."

அண்ணி கையைத் துடைக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்னும் நாலு பாத்திரம் கழுவியிருக்கலாம். அலமாரியில் புடவைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "பூட்டியிருப்பார்," என்றாள்.

பூட்டியிருந்தது. பூட்டக் கற்றுக்கொடுத்ததே பட்டதாரிதான். கல்லூரி இரண்டாம் வருஷம், படித்த ஜோரில் அச்சகத்தில் அண்ணன் தட்டிப் பழகிய கம்ப்யூட்டரில், எழுதுவதற்கான ஒரு டெக்ஸ்ட் எடிட்டரைச் சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, தானே கம்பைல் செய்து போட்டுக் கொடுத்திருந்தாள். கடையில் தைத்த சட்டையைப் போட்டுக்கொள்ளாமல் துணி எடுத்து அளவு கொடுத்துத் தைப்பது மாதிரி அது. எது வேண்டும், எது வேண்டாம் என்று ஆப்ஷன் கொடுத்து நாமே கட்டிக்கொள்ளலாம். ஃபைலைச் சாவிச்சொல் போட்டுப் பூட்டும் வசதியையும் அன்று சேர்த்துக் கட்டினாள். "முதலாளி மண்டையை உடைச்சாலும் படிக்க முடியாதுண்ணா," என்று பீற்றிக்கொண்டாள். இப்போது அந்தக் கம்ப்யூட்டர் முதலாளி வசம். துடைத்துச் சுத்தம் செய்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். எடிட்டரின் புதுப் பதிப்பில் பூட்டே கிடையாது. பலவீனமான பூட்டு என்று தூக்கிவிட்டார்கள். ஆக, பழைய சோர்ஸைத் தேடி இறக்கி, பழையபடியே கட்டியாக வேண்டும். சனிக்கிழமை காலை பதினொரு மணி. கையில் இருப்பது ஒன்றரை நாள்.

ஃபைலை முதலில் மூன்று பிரதி எடுத்து வைத்தாள். வேலையில் உதை வாங்கிக் கற்ற பாடம் அது. பிறகு அண்ணியின் ஒற்றை அறையில், கட்டில்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டிலில் ஒரு பக்கம் மட்டும் பள்ளமாக இருந்தது. அந்தப் பக்கம் உட்காரவில்லை.

கம்பைல் செய்வதற்கு முன்னால் கான்ஃபிகர் என்று ஒன்றை ஓட்ட வேண்டும். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் மாதிரி அது கம்ப்யூட்டர் முழுக்கச் சுற்றி வரும். இது இருக்கிறதா, இருக்கிறது. அது இருக்கிறதா, இல்லை. வரி வரியாகத் திரையில் ஓடும், முந்நூறு நானூறு வரி. பூட்டு வேண்டும் என்ற ஆப்ஷனைக் கொடுத்து ஓட்டினாள். ஓடி முடித்தது. கட்டினாள். இருபது நிமிஷம் லேப்டாப்பின் விசிறி கத்தியது. திறந்து பார்த்தால் பூட்டைப் பற்றிய பேச்சே இல்லை. சாவியும் கேட்கவில்லை. திரை முழுக்கக் கிறுக்கல்.

மேலே உருட்டிக்கொண்டே போனாள். இருநூற்றுச் சொச்சமாவது வரியில் கிடந்தது அந்தச் சேதி. பூட்டுக்குத் தேவையான லைப்ரரி என்கிற துணை நிரல்: இல்லை. அதற்காக அது நிற்கவில்லை, ஒரு குரல் கொடுக்கவில்லை. கேட்டதைத் தர முடியாது என்பதை நடுவில் வாய்க்குள் முனகிவிட்டு, மீதியைக் கட்டிக் கையில் கொடுத்து, எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டது.

"மூதேவி. இல்லைனா நின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைய வேண்டியதுதானே," என்றாள்.

"யாரைத் திட்டறே?" என்றாள் அண்ணி.

"இதைத்தான். நம்ம ஆபீசுங்க மாதிரியே இருக்கு."

லைப்ரரியை இறக்கினாள். மறுபடி கான்ஃபிகர். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். பூட்டு: இருக்கிறது. கட்டினாள். ஃபைலைத் திறந்ததும் சாவி கேட்டது.

"அண்ணி, சாவிச்சொல் என்னனு சொல்லியிருக்கானா?"

"உன் பேருதான்னு சொல்லுவார். அவர் கூப்பிடுற பேரு."

அவள் உடனே 'பட்டதாரி' என்று அடித்தாள். கிறுக்கல்.

அந்தப் பூட்டின் கோணல் அதுதான். தப்பான சாவி போட்டால் தப்பு என்று சொல்லாது. அந்தச் சாவிக்கு என்ன வருமோ அந்தக் குப்பையை எடுத்துக் காட்டும். சாவி தப்பா, கட்டியது தப்பா என்று தெரியவே தெரியாது. சாவி சரி. ஆகவே கட்டியதுதான் தப்பு. படித்தவள் மூளை அப்படித்தான் போயிற்று. தமிழ் எழுத்துக்கான ஆப்ஷனை விட்டுவிட்டோமோ என்று சேர்த்துக் கட்டினாள். கிறுக்கல். பூட்டிலேயே பழைய முறை, புது முறை என்று இரண்டு உண்டு, மாற்றிக் கட்டினாள். கிறுக்கல். இன்னும் பழைய சோர்ஸ் ஒன்றை இறக்கினாள். அது கட்டும்போதே பாதியில் செத்தது. ஞாயிறு மதியம் ஆகிவிட்டது. சாப்பிட்ட தட்டு கட்டிலுக்குக் கீழே காய்ந்து கிடந்தது. ஏழு தடவை கட்டியாயிற்று. லேப்டாப்பைத் தொட்டால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது.

"விட்டுடேன்," என்றாள் அண்ணி. "கையெழுத்துப் போட்டுத் தொலைக்கறேன்."

"போடுவீங்க. அவன் கவனமில்லாதவன், கண்ணு தெரியாம விழுந்து செத்தான்னு போடுவீங்க. நல்லா இருக்கு."

அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், பள்ளமான பக்கத்தில். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கட்டில்மேல் கிடந்த தாளில் பட்டதாரி குறித்து வைத்திருந்த சாவிச்சொல்லைக் கூட்டினாள்.

"ப... ட்... ட... தா... ரி. இந்த ரி-யா போட்டே?"

"வேறெந்த ரி?"

"அவர் பெரிய றி-தானே போடுவார்."

விடுதிக்குப் போகும்போது அண்ணன் வாங்கிக் கொடுத்த தகரப் பெட்டி பட்டதாரிக்கு ஞாபகம் வந்தது. மூடியில் பச்சைப் பெயின்டில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தான்: 'பட்டதாறி'. அறைத்தோழிகள் பார்ப்பதற்குள் பிளேடால் சுரண்டி எடுத்தவள் அவள். விடுமுறைக்கு வந்தபோது, "பெயின்ட் மட்டமோ, அதுக்குள்ள உரிஞ்சுடுச்சே," என்றான். ஆமாம் என்றாள்.

'பட்டதாறி' என்று அடித்தாள்.

திரை முழுக்கத் தமிழ். எல்லாமே தப்பும் தவறுமான தமிழ்.

"படி," என்றாள் அண்ணி.

படித்தாள். தேதி, கீழே இரண்டு வரி, அவ்வளவுதான் அவன் எழுதுவது. பேப்பர் விலை, காய்ச்சல், அண்ணியோடு சண்டை. பிறகு வந்தது.

நாலாந்தேதி: 'லிப்டு கதவு சுவிச்சி போச்சு. அடிக்கடி நடுவுல நிக்கிது. மொதலாளிகிட்ட சொண்ணேன். பாக்களாம்னாறு.'

ஒன்பதாந்தேதி: 'மறுபடி சொண்ணேன். மெக்கானிக் வேணும்னு. சிறிச்சாறு.'

பதினைந்தாந்தேதி: 'மூனாவது தடவ. பைண்டரும் கூட இறுந்தாறு. ஏதாவது பண்ணி ஓட்டுடான்னாறு.'

இருபத்திரண்டாந்தேதி: 'எனக்கே பயமா இறுக்கு. புது சுவிச்சி வாங்க சொண்ணேன். அடுத்த மாசம்னாறு.'

பட்டதாரி நிமிர்ந்தாள். கண்ணில் நீர், ஆனால் குரலில் வெற்றி. "பாத்தீங்களா? தேதியோட! நாலு தடவை சொல்லியிருக்கான்!"

"நடுவுல ஒண்ணு விட்டுட்டே," என்றாள் அண்ணி.

"எதை?"

"பதினெட்டு. அன்னிக்குக் கையில கீறலோட வந்தார். வயரை எடுத்துக் கட்டும்போது கிழிச்சுடுச்சுன்னார். அதை எழுதாமயா இருப்பார்?"

எழுதியிருந்தான். படித்துக்கொண்டே வந்தபோது பட்டதாரியின் கண் அந்த வரியைப் பார்த்தது. வாய் தாண்டிப் போனது. 'நாணே வயறு கட்டிட்டேன். இனி நிக்காது. தப்புதான்.'

கதவு மூடினால்தான் லிஃப்ட் நகர வேண்டும் என்பதற்காக இருப்பது அந்த சுவிட்ச். அதன் இரண்டு முனையையும் ஒரு வயரால் இணைத்துவிட்டால், கதவு திறந்து கிடந்தாலும் லிஃப்ட் பாட்டுக்கு ஓடும். கட்டியவன் அவன். ஓடிப் போய்விட்ட லிஃப்டின் குழியில் விழுந்தவனும் அவன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடறேன்னீங்களா?"

"நீ அவ்வளவு நம்பிக்கையா கத்திட்டிருந்தே. என்னத்தைச் சொல்ல?"

எடிட்டரில் ஒரு வரியை அழிப்பது மூச்சு விடுவது மாதிரி. கர்சரை வரிமேல் கொண்டுபோய் 'டி' பட்டனை இரண்டு தடவை தட்டினால் போதும், தடம்கூட இருக்காது. விரலைக் கொண்டுபோனாள்.

"வேணாம்," என்றாள் அண்ணி. "அவர் எழுத்தைத் திருத்துனவங்க போதும்."

அது யாருக்கு என்று பட்டதாரி கேட்கவில்லை. விரலை எடுத்துக்கொண்டாள். முதலாளி சொல்லித்தானே கட்டினான், பதினைந்தாந்தேதி வரி அதற்குச் சாட்சி, பைண்டர் கூட இருந்திருக்கிறார் என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டு, தெருமுனைக் கடையில் அப்படியே பிரின்ட் எடுத்தாள்.

திங்கட்கிழமை விசாரணை அறையில் ஆறு நாற்காலி, ஒரு மின்விசிறி. முதலாளி, அவருடைய வக்கீல், ஓரமாக பைண்டர். அதிகாரி கெட்டவர் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பிரின்டை வாங்கிப் பொறுமையாக, சத்தமாகவே படித்தார். நாலாந்தேதி படித்தார். ஒன்பது படித்தார். பதினைந்து படித்ததும் நிமிர்ந்து பைண்டரைப் பார்த்தார்.

"நீங்க கூட இருந்ததா எழுதியிருக்காரே?"

"மெஷின் சத்தத்துல சரியா காதுல விழலைங்க," என்றார் பைண்டர்.

ஆனாலும் முதலாளி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அதிகாரி ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். பட்டதாரி அண்ணியின் கையைப் பிடித்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஏதோ நடக்கும் போலிருந்தது.

"பதினெட்டு," என்றார் அதிகாரி. "நானே... வயிறு கட்டிட்டேன்." கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "வயித்தைக் கட்டிட்டாரா?"

"வாயைக் கட்டி வயித்தைக் கட்டி உழைச்சேங்கறார் போல, சார்," என்றார் வக்கீல். "இனி நிக்காதுன்னா, உழைப்பு நிக்காது. பெரிய எழுத்தாளர்தான்."

முதலாளி சிரித்தார். வந்த சிரிப்பு அடங்காமல் தோள் குலுங்கியது. பைண்டரின் உதட்டோரம்கூட அசைந்தது. அதிகாரியும் லேசாகப் புன்னகைத்துவிட்டு, பக்கத்தைப் புரட்டக் கையை வைத்தார். அண்ணியின் விரல்கள் பட்டதாரியின் கையை இறுக்கின. சும்மா இரு என்று அர்த்தம். அது அவளுக்குப் புரியவும் செய்தது.

"வயிறு இல்ல, வயர்!" என்று பட்டதாரி எழுந்தேவிட்டாள். "இளிக்காதீங்க! என் அண்ணன் எழுதினது வயர். லிஃப்ட் கதவு வயர். அவனுக்கு ற, ர வராது, அவ்வளவுதான்!"

சிரிப்பு நின்றது.

புரட்டப் போன பக்கத்தை அதிகாரி திரும்பக் கீழே வைத்தார். "நானே வயர் கட்டிட்டேன்," என்று இப்போது திருத்திப் படித்தார். "இனி நிக்காது. தப்புதான்." முதலாளியின் பக்கம் திரும்பி, "கதவு சுவிட்சை பைபாஸ் பண்ணினது இவரா?" என்றார்.

வக்கீல் சிரித்த முகத்தை மடித்து வைத்துவிட்டார். "அவங்க தரப்பு ஆவணமே சொல்லுதுங்க சார். தங்கச்சியே விளக்கிட்டாங்க."

"முதலாளி சொல்லித்தான் கட்டினான்! ஏதாவது பண்ணி ஓட்டுடான்னு பதினஞ்சாந்தேதி எழுதியிருக்கு!"

"அதுக்கு இவர் எழுதினதைத் தவிர வேற சாட்சி இல்லையேம்மா," என்றார் அதிகாரி. குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்தோடேயே எழுதினார். படிவத்தில் 'கவனகுறைவே' என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்தார். மேலே, நல்ல குண்டு கையெழுத்தில் ஒரு பிழை இல்லாமல், 'ஆபத்தை அறிந்தே செய்த செயலே' என்று எழுதி, காகிதத்தை அண்ணியின் பக்கம் திருப்பி வைத்தார்.

அண்ணி குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவசரப்படவில்லை. முடித்துவிட்டு, எல்லார் முன்னாலேயும் பட்டதாரியைக் கேட்டாள்: "இது முன்ன இருந்ததைவிட நல்லதா, கெட்டதா?"

"கெட்டது அண்ணி."

அண்ணி பேனாவை மேஜைமேல் வைத்தாள். "நான் போடலைங்க."

"போடலைன்னாலும் பதிவாயிடும்மா," என்றார் அதிகாரி. கோட்டின்மேல், பென்சில் குறிக்குப் பக்கத்தில், 'கையொப்பமிட மறுத்தார்' என்று அவரே எழுதினார். பிறகு அடுத்த விசாரணைக்கு ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே வராந்தாவில் அடுத்த குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அண்ணி அவர்களுக்கு வழிவிட்டு முன்னால் நடந்தாள். பட்டதாரி நாலடி பின்னாலேயே போனாள்.